பட்டன் ஆழம்

என்னிடம் இரண்டு அளவுகோல்கள்.
ஒன்று நூறு மீட்டர் நாடா, நுனியில் பித்தளைக் குண்டு.
ஆழ்துளைக் குழாய்க்குள் இறக்கினால்
இருட்டில் எங்கோ தண்ணீரைத் தொட்டு
‘ளொப்’ என்னும்.
மற்றது சுண்டுவிரல் நீளம்.
டயர் பட்டன்களின் நடுவே ஊன்றினால்
இன்னும் எவ்வளவு மிச்சம் என்று சொல்லும்.

சம்பளம் முதலாவதற்கு.
இரண்டாவது உன் கிறுக்கு என்பான் டுஷ்கோ,
கூபர் பீடியில் மண்ணுக்குள் குடைந்த வீட்டுக்காரன்,
ஓப்பல் அகப்படாமல் டயர்க் கடை போட்டவன்.

புது டயர் பதினைந்து மில்லிமீட்டர்,
ஓரத்து ரப்பர் மயிர்கூட உதிராதது.
பத்தாயிரத்தில் பதின்மூன்றரை.
இருபதில் பன்னிரண்டு.
அப்புறம் ஊட்னடாட்டா பாதையில் ஒரு கோடை,
கண்ணுக்கெட்டியவரை கத்தி முனைக் கல்,
ஒரே மூச்சில் ஒன்பது.
பட்டன்களின் விளிம்பெல்லாம்
எலி கொறித்த பிஸ்கட்.

தார் ரோட்டில் காத்து நாற்பது,
சரளையில் இருபத்தெட்டு, மணலில் பதினாறு.
இதை மறந்தவர்களின் டயர்கள்
வழிநெடுக வாய் பிளந்து கிடக்கின்றன.
சிலதுக்குள் பல்லி குடித்தனம்.
முன் சக்கரம் குச்சியைத் தட்டி எழுப்பும்,
பின் சக்கரம் அதன்மேல் போய்க் குத்திக்கொள்ளும்.
இடப்பக்கம் இன்னும் மோசம்,
மாட்டு லாரிக்கு ஒதுங்குகிற பக்கம்.

எல்லாம் நோட்டில் இருக்கிறது.
இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் ரப்பர்.
தண்ணீர் எங்கே போகிறது என்று
அடிலெய்டில் கூட்டம் போட்டுப் பேசுவார்கள்.
ரப்பர் எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை.
மூன்று செட், பன்னிரண்டு டயர்,
ஒவ்வொன்றிலும் பத்து மில்லிமீட்டர்.
எப்படியும் ஓர் ஆள் எடை வரும்.
பொடிப்பொடியாய் அந்த ரோட்டில்தான்
விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

கூரைமேல் கட்டிய ஸ்டெப்னி மட்டும்
முதல் செட்டோடு வந்தது.
நோட்டில் அதன் வரி:
பதினைந்து. பதினைந்து. பதினைந்து.
நல்லதாய் ஒன்று கைவசம் இருக்கட்டும் என்று
மற்றவற்றோடு மாற்றிப் போடவே இல்லை.
நாலும் கல்லில் உழைக்க
இது வெயில் காய்ந்தது.

போன மாதம், வில்லியம் க்ரீக் தாண்டி,
இடது பின் டயரின் பக்கச் சுவர் கிழிந்தது.
கதவில் தொங்கிய இன்னொரு ஸ்டெப்னி
காலையிலேயே செலவு.
மேலே ஏறிக் கயிற்றை அவிழ்த்தேன்.
புத்தம் புதுப் பட்டன்கள்.
பெருமையாகக்கூட இருந்தது.

முப்பது கிலோமீட்டர்.
விலா எலும்பு தெரிகிற ரோடு.
பட்டை பட்டையாய் உரிந்து
பின் கண்ணாடியில் காக்கை போலப் பறந்தது.

நாலு மணி நேரம் கழித்து
கிரேடரில் வந்தான் பெவன் ரட்லிஜ்.
பக்கச் சுவரை எச்சில் தொட்டுத் துடைத்து
நாலு எண்ணை வாசித்தான்: வாரம், வருஷம்.
‘ஒன்பது வயசு. ஓடாமலே செத்திருக்கு.’
ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினான்.
‘நான் ரோட்டுக்குத் தலை சீவி விடுறேன்,
நீங்க ஓட்டி ஓட்டி மறுபடி சுருட்டை ஆக்குறீங்க.
ரெண்டு பேருக்கும் பொழப்பு ஓடுது.’

உரியாமல் மிஞ்சிய ஓரிடத்தில் ஊன்றிப் பார்த்தேன்.
பதினைந்து.
வெடிப்பை அளக்க அதற்குத் தெரியாது.
எனக்குத் தெரியும், அந்த வெடிப்புகளை
கூரையில் கயிறு கட்டும்போதெல்லாம்
விரலால் தொட்டிருக்கிறேன்.

‘இந்த முறை ஸ்டெப்னியையும் ஓட்டுவேன்’ என்றேன்.
டுஷ்கோ பில்லிலிருந்து தலை நிமிரவில்லை.
‘பத்தாயிரத்தில் பார்ப்போம்.’

அவன் கடை முற்றத்துக் கல் ஒன்று
அதற்குள் பட்டன் இடுக்கில் ஏறிக்கொண்டு
தார் ரோடு முழுக்க
டிக், டிக், டிக்.
ஸ்க்ரூடிரைவர் கைக்கெட்டும் தூரத்தில்தான்.
அடுத்த ஆழ்துளைவரை
வரட்டும்.